இரண்டாவது நாற்காலியில் சுரைக்காய்

தெருமுனை சலூன்காரரை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. ரேடியோ என்றால்தான் தெரியும். கடை திறந்ததும் வாய் திறக்கும். ஷட்டரை இழுத்து மூடும்போதுதான் அதுவும் மூடும். முடி வெட்டுவதில் அவர் பெரிய கெட்டிக்காரர் என்று சொல்வதற்கில்லை. காதோரம் இரண்டு பக்கமும் ஒரே அளவில் அமைவது எப்போதாவதுதான் நடக்கும். ஆனாலும், வந்தவரின் தலையைத் தடவிப் பார்த்து, கண்ணாடியில் அவர் கண்ணைப் பிடித்து, குரலைத் தாழ்த்தி, "இந்தக் கட்டிங் உங்க முகத்துக்கு மட்டும்தாங்க எடுக்கும். வேற யாருக்கும் நான் பண்றதில்ல" என்பார். பிறகு எல்லாருக்கும் செய்கிற அதே கட்டிங்கைச் செய்வார். அதைப் பொய் என்று தள்ளிவிட முடியாது. சொல்கிற நேரத்தில் அவர் அதை மனதார நம்பினார்.

கடையில் இரண்டு நாற்காலிகள். கூட முடி வெட்டிக்கொண்டிருந்த அவர் தம்பி வெளியூரில் வேலை கிடைத்துப் போனதிலிருந்து இரண்டாவது நாற்காலி காலியாகக் கிடந்தது. அதைவிட மோசம், சுவரோரத்து பெஞ்சும் காலியாகிவிட்டது. முன்பெல்லாம் முடி வெட்ட வருகிறவர் ஒருவர் என்றால், சும்மா உட்கார்ந்து போக வருகிறவர் மூவர் இருப்பார்கள். இப்போது போன் செய்துவிட்டு வருகிறார்கள், தலையைக் கொடுத்துவிட்டுக் கையிலிருக்கும் திரையைப் பார்க்கிறார்கள், போய்விடுகிறார்கள். கேட்க ஆளில்லாத ரேடியோவாகத் தான் ஆகிக்கொண்டிருப்பது அவருக்குத் தெரிந்தது.

அவர் மனைவி பக்கத்து மருந்துக்கடையில் வேலை பார்த்தாள். அவள் அதிகம் பேசுவதில்லை, கேட்பாள். எங்கே வலி, எப்போதிலிருந்து, சாப்பாட்டுக்கு முன்னாடியா பின்னாடியா. ஒருநாள் மதியம் வந்து பெஞ்சில் உட்கார்ந்தாள்.

"என் தம்பி செல்போன் கவர் கடை போடணும்ங்கிறான். நடுவுல ஒரு பலகை அடிச்சு இந்தப் பாதியக் குடுத்துடலாமா?"

"அது வெயிட்டிங் ஏரியா" என்றார் ரேடியோ.

"யாருங்க வெயிட் பண்றாங்க?"

அந்தக் கேள்வி அவரைத் தைத்துவிட்டது. பலகை வந்துவிட்டால் மிச்ச வாழ்நாள் முழுவதும் பலகையிடம்தான் பேச வேண்டும்.

"உன் தம்பி மழை முடிஞ்சுதானே சரக்கு எடுக்கப் போறான்? அதுக்கப்புறம் வர்ற முதல் சனிக்கிழமை இந்த இடத்துல கால் வைக்க முடியாது பாரு. வைக்க முடிஞ்சா, நானே ஆணி வாங்கித் தர்றேன்."

"என்ன பண்ணப் போறீங்க?"

என்ன செய்யப் போகிறோம் என்பது அவருக்கும் அப்போது தெரியாது. சாயங்காலத்துக்குள் தெரிந்துவிட்டது. தெருவில் வீட்டுக்கு வீடு மொட்டை மாடி இருந்தது, கொல்லை இருந்தது. ஆனால் எல்லாரும் சாப்பிடுவது லாரியில் நாலு ஊர் பார்த்துவிட்டு வாடிப்போய் வந்து இறங்கும் காய்கறி. அவரவர் வீட்டில் விளைவதைச் சனிக்கிழமை சாயங்காலம் சலூனுக்குக் கொண்டுவந்து மாற்றிக்கொண்டால் என்ன? மாற்றுவதென்றால் நிற்க வேண்டும், நின்றால் பேச வேண்டும்.

ஆள் சேர்ப்பது சுலபமாக இருந்தது. கழுத்தில் சவரக்கத்தி இருக்கும்போது மனிதர்கள் மறுத்துப் பேசுவதில்லை. இதைச் சம்மதம் என்று கொள்ளலாமா என்பது பெரிய கேள்வி. ரேடியோ கொண்டார்.

முதலில் பிளம்பர் அகப்பட்டார். சனிக்கிழமை விஷயத்தைக் கேட்டதும், "என் வீட்டுக்காரி மாடியில புதினா வச்சிருக்கா, அதக் கொண்டாரட்டுமா?" என்று கத்தி படுமுன் கேட்டுவிட்டார்.

"புதினாவா?" ரேடியோ கத்தியைத் தீட்டினார். "அது யாரு வேணா போடுவாங்கண்ணே. உங்க கை, தண்ணி புழங்குற கை. சுரைக்காய் உங்க கைக்கு மட்டும்தான் வரும். வேற யாருக்கும் நான் சொல்லல." பொட்டலமாகக் கட்டிய விதையைச் சட்டைப்பையில் செருகினார். விதை, அவர் வீட்டில் காய்ந்து கிடந்த ஒரே ஒரு முற்றல் சுரைக்காயிலிருந்து வந்தது.

யாரிடம் என்ன சொன்னோம் என்று நினைவு வைத்துக்கொள்கிற பழக்கம் அவருக்கு இல்லை. சொல்வதில்தான் அவருக்கு இன்பம். மழை பெய்தது, நின்றது. தெருவின் மாடிகளில் கொடிகள் ஏறின. தனக்கு மட்டும் சொல்லப்பட்ட ரகசியம் என்பதால் யாரும் வெளியே மூச்சுவிடவில்லை.

அந்தச் சனிக்கிழமை ரேடியோ இரண்டாவது நாற்காலியைத் துடைத்து வெள்ளைத் துணி போர்த்தினார். முதலில் பிளம்பர் வந்தார். ஸ்பானர் பையிலிருந்து குழாயை உருவுவதுபோல் ஒரு சுரைக்காயை உருவி நாற்காலியில் சாய்த்தார். "வாட்டம் எப்படி?" என்று குழாயின் சரிவைக் கேட்பதுபோல் கேட்டார்.

"நான் சொல்லல?" என்றார் ரேடியோ.

அடுத்து ரிட்டயரான கணக்கு வாத்தியார். பிறந்த குழந்தையைப்போல் துண்டில் சுற்றி நெஞ்சோடு அணைத்துக் கொண்டுவந்தார். துண்டு விலகியது. பிளம்பர் தன் காயைப் பார்த்தார், அதைப் பார்த்தார். அதற்குள் தபால்காரர் சைக்கிளை நிறுத்திவிட்டுப் பின்சீட்டிலிருந்து எதையோ அவிழ்ப்பது வாசலில் தெரிந்தது. ரேடியோ ஒரு சீப்பை எடுத்துத் துடைக்க ஆரம்பித்தார்.

அப்புறம் வந்தவர்கள் கையிலும் அதுவேதான். எதிரும் புதிருமாக இரண்டு கண்ணாடிகள் இருந்ததால், பார்க்கிற பக்கமெல்லாம் சுரைக்காய் வரிசை முடிவில்லாமல் நீண்டது.

"எனக்கு மட்டும்தான்னு சொன்னீங்களே?" என்றார் பிளம்பர்.

"எனக்கும் அப்படித்தான்யா சொன்னான். கணக்குப் போடுற கைக்குத்தான் வரும்னான்" என்றார் வாத்தியார்.

"சைக்கிள் மிதிக்கிற காலுக்குன்னாரு எனக்கு" என்றார் தபால்காரர்.

பிறகு வாத்தியார் மெதுவாகக் கண்ணாடியைப் பார்த்தார். பிளம்பரின் தலையைப் பார்த்தார். தபால்காரரின் தலையைப் பார்த்தார். மூன்று தலையிலும் இடது காதோரம் ஒரு விரல் ஏற்றம்.

"அப்போ இந்தக் கட்டிங்கு?"

அதன் பிறகு கடையில் யார் என்ன சொன்னார்கள் என்று பிரித்தறிய முடியவில்லை. ரேடியோவைத் திட்டினார்கள். திட்டி அலுத்ததும் ஒருவர் காயை ஒருவர் குறை சொன்னார்கள். "இது முத்தல், நகத்தால குத்திப் பாருங்க." "குத்தாதீங்க சார், இஷ்டத்துக்குக் கிள்ள அது என்ன உங்க பேரனா?" வேடிக்கை பார்க்க வந்தவர்களும் உள்ளே நுழைந்து பெஞ்சில் இடம் பிடித்தார்கள்.

அந்த நேரத்தில்தான் மனைவி வந்தாள். பின்னால் அளவு நாடாவோடு மச்சினன்.

"மாமா, அந்த முனையக் கொஞ்சம் பிடிங்க" என்று நாடாவை நீட்டியவன், அதை எங்கே வைப்பது என்று தெரியாமல் விழித்தான். யாரோ அவன் கையில் ஒரு சுரைக்காயைக் கொடுத்து ஓரமாகத் தள்ளினார்கள்.

மனைவி சுற்றிப் பார்த்தாள். கணவனை விட்டுவிட்டு வாத்தியார் பக்கம் திரும்பினாள். "ஏன் சார், உங்க வீட்டுல வேற ஒண்ணும் வெளையாதா?"

"எலுமிச்சை கொட்டிக் கெடக்கும்மா. கொண்டாரேன்னேன். அது உங்க அந்தஸ்துக்குக் காணாது சார்னுட்டான்."

தபால்காரர் வீட்டில் கோழி முட்டை இருந்தது. பிளம்பர் வீட்டில் புதினா. ஒவ்வொருவராக அவளிடம் சொல்லச் சொல்ல, எல்லார் கண்ணும் ரேடியோ பக்கம் திரும்பியது. ரேடியோ சீப்பைத் துடைத்துக்கொண்டிருந்தார். வாய் மூடியிருந்தது, ஷட்டர் திறந்தேதான் இருந்தது.

"அடுத்த சனிக்கிழமை அதெல்லாம் கொண்டாங்க. இன்னிக்கி இத என்ன பண்றது?" என்றாள் அவள்.

"என்னுத நீங்க எடுத்துக்கங்க சார், உங்களுத நான் எடுத்துக்கறேன்" என்றார் பிளம்பர்.

"சுரைக்காய்க்குச் சுரைக்காயா? அதுல என்னய்யா மிச்சம்?" என்றார் வாத்தியார்.

"திரும்ப அதையே தூக்கிட்டுப் போனா வீட்டுல சிரிப்பாங்க. யாரோ குடுத்தாங்கன்னு சொல்லிக்கலாம்ல?"

வாத்தியார் தன் காயிலிருந்து துண்டை உருவித் தோளில் போட்டுக்கொண்டார். ஒரு பொருளுக்கு அதே பொருளை மாற்றுவதை வியாபாரம் என்று சொல்ல முடியாது. என்னவென்று சொல்வது என்று அங்கே யாரும் யோசிக்கவில்லை. மாற்றிக்கொண்டார்கள்.

மச்சினன் மட்டும் இரண்டாவது நாற்காலியில் சுரைக்காயை மடியில் வைத்து உட்கார்ந்திருந்தான். "அக்கா, இடம்?"

"இடம் எங்கடா இருக்கு?" என்றாள் அவள்.

அடுத்த சனிக்கிழமை எலுமிச்சை வந்தது, முட்டை வந்தது, புதினா வந்தது. கூடவே புகார்களும் வந்தன. "உங்க காய் வேகவே இல்ல சார்." "உங்களுதுல பாதி விதை." சொல்வதற்கென்றே ஆட்கள் சீக்கிரம் வந்து பெஞ்சைப் பிடித்தார்கள். மச்சினன் மருந்துக்கடை வாசலில் ஒரு ஸ்டூல் போட்டுக் கவர் விற்றான். பேச்சு சூடேறினால் ஸ்டூலைத் தூக்கிக்கொண்டு சலூனுக்கு வந்துவிடுவான்.

மனைவி ஒரே ஒரு நிபந்தனை விதித்திருந்தாள். கத்தி கையில் இருக்கும்போது என்ன விதை போடலாம் என்று ரேடியோ யாருக்கும் சொல்லக் கூடாது.

தெருவுக்குப் புதிதாகக் குடிவந்த ஒருவர், முகமெல்லாம் நுரையோடு ஒருநாள் கேட்டார். "அண்ணே, நானும் ஏதாவது போடலாம்னு இருக்கேன். என்ன போடலாம்?"

ரேடியோ கத்தியை அவர் கழுத்தில் வைத்து, கண்ணாடியில் அவர் கண்ணைப் பிடித்தார். குரல் தானாகத் தாழ்ந்தது. "உங்க கைக்கு மட்டும்..."

மருந்துக்கடைப் பக்கமிருந்து ஒரு இருமல் கேட்டது.

ரேடியோ பேச்சை மாற்றினார். "உங்க வீட்டுல என்னங்க நல்லா வரும்?" என்று கேட்டார்.

பதில் வரவில்லை. அந்த ஆள் கண்ணை மட்டும் உருட்டினார். கொஞ்ச நேரம் கழித்துத்தான் ரேடியோவுக்கு விளங்கியது. கத்தியை அவர் கழுத்திலிருந்து எடுத்துவிட்டு, காத்திருந்தார்.