வலிக்காத புண்

மேல்வரிசைப் பல்லைப் பிடுங்கினால் கண் போய்விடும் என்பதில் என் அண்ணனுக்குச் சந்தேகமே கிடையாது. திருத்துறைப்பூண்டிக்குப் பக்கத்தில் விவசாயம் பார்க்கிறார். கண்புரை ஆபரேஷனுக்குப் பிறகு அந்தப் பயம் இன்னும் கூடிவிட்டது. மேல் கடைவாய்ப்பல் குடையும்போதெல்லாம் அதன்மேல் ஒரு துண்டுப் புகையிலையை அடக்கிக்கொள்வார். மரத்துப்போகும். மரத்துப்போனால் குணமாகிவிட்டதாகக் கணக்கு.

போன சித்திரையில் பல்லில் புழு எடுப்பவரிடம் போனார். கண்டங்கத்திரி விதையைத் தணலில் போட்டுப் புகையை வாய்க்குள் விட, கீழே வைத்த தண்ணீர்த் தட்டில் வெள்ளைப் புழுக்கள் விழுந்தனவாம். வெந்த விதையிலிருந்து தெறிக்கும் முளை அது என்று போனில் விளக்கினேன்.

"நெளிஞ்சுதுடா, நான் பாத்தேன். நீ ஆபீஸ்ல உக்காந்துக்கிட்டே எல்லாத்தையும் பாத்துடுவியே!"

வருவாய்த்துறையில் ஓய்வு பெறும்வரை அப்படித்தான் பார்த்தேன்.

ஆடியில் அண்ணி கூப்பிட்டார். "தம்பி, அவருக்குக் கன்னத்துக்குள்ள ஒரு புண்ணு ஆறவே மாட்டேங்குது. கேட்டா வலிக்கலங்கிறாரு."

பல்லைப் பிடுங்க மாட்டார்கள் என்று சத்தியம் செய்து, நான் இருக்கும் தஞ்சாவூருக்கு வரவழைத்தேன். ஆஸ்பத்திரியில் எந்தச் சீட்டு எங்கே, எந்த டாக்டர் எப்போது என்பதெல்லாம் எனக்கு மனப்பாடம். வரிசையில் முதலில் நின்றோம். இளம் பெண் டாக்டர் பல்லைச் சட்டென்று பார்த்துவிட்டு, கன்னத்தின் உட்புறத்தை வெகுநேரம் பார்த்தார்.

"பல்லு இருக்கட்டும் ஐயா. இந்தப் புண்ணு எவ்வளவு நாளா இருக்கு?"

"அது வலிக்கலம்மா. பல்லுதான் வலிக்குது."

"வலிக்காததுதான் எனக்குக் கவலையா இருக்கு. சின்னதா ஒரு துண்டு எடுத்து டெஸ்ட்டுக்கு அனுப்பணும். புத்துநோயா இருந்தாலும் இப்பவே பாத்துட்டா சரி பண்ணலாம்."

அண்ணன் வாயை மூடிக்கொண்டு எழுந்துவிட்டார். வராந்தாவில் என் கையைப் பிடித்தார்.

"கத்தி பட்டா பரவிடும்டா. மேலத்தெருக்காரரு நல்லாத்தான் இருந்தாரு. துண்டு எடுத்தாங்க, ஆளே போயிட்டாரு."

"நல்லா இருந்தவரு எதுக்கண்ணே ஆஸ்பத்திரிக்குப் போனாரு?"

"குறுக்குக் கேள்வி கேக்காத. இது ஒண்ணும் தாலுகா ஆபீஸ் இல்ல."

நடவு முடியட்டும், வருகிறேன் என்று டாக்டரிடம் கும்பிட்டார். பஸ் ஏறுமுன் கிராம்புத் தைலம் வாங்கிக்கொண்டார்.

நடவு முடிந்தது. களை வந்தது, உரம் வந்தது, அடைமழை வந்தது. அவர் வரவில்லை. தை பிறந்ததும் நானே போனேன். என்னைப் பார்த்ததும் அவர் முகத்தில் அப்படியொரு வெற்றி.

"பல்லு தானா விழுந்துடுச்சுடா! புடுங்கவே இல்ல. கண்ணும் பளிச்சுன்னு தெரியுது."

ஆடாத பல் ஏன் ஆடியது, அதைப் பிடித்திருந்த எலும்பு என்ன ஆயிற்று என்று எனக்குத் தெரியும். வாயைத் திறக்கச் சொன்னேன். என் ஒரு விரல்கூட நுழையவில்லை. தாடைக்குக் கீழே கல் போல ஒரு கட்டி. அண்ணி ரசஞ்சோற்றை மிக்ஸியில் அரைத்துக்கொண்டிருந்தார்.

"இன்னைக்கே கிளம்புங்கண்ணே."

"வர்றேண்டா. இந்தத் தடவை நெசமாவே வர்றேன். கதிர் சாஞ்சு கெடக்கு, அறுப்பு மட்டும் முடியட்டும்."

நிஜமாகத்தான் சொன்னார். அது குரலிலேயே தெரிந்தது. அறுப்பை முன்னதாக முடித்துவிட்டால் போதும் என்று, அறுவடை வண்டிக்காரருக்கு அங்கேயே நின்று போன் போட்டேன். பழைய பதவியைச் சொன்னேன். கெஞ்சியும் பார்த்தேன்.

"வயல்ல தண்ணி நிக்குது சார். சேத்துல ஓடுற பெல்ட் வண்டியே புதைஞ்சிடும். காயட்டும், பாப்போம்."

அண்ணன் தலையாட்டினார். வண்டிக்காரர் சொன்னது அவருக்கு நியாயமாகப் பட்டது.