கொசுவலை ஜன்னலும் புள்ளி விழுந்த படமும்

“என்னம்மா, ஹால் முழுக்க ரவையைக் கொட்டி வச்சிருக்க?” என்றார் சேகர் சார். தஞ்சாவூரில் வீடு கட்டிக் கொடுக்கும் இன்ஜினியர், என் முதலாளி. கட்டப்போகும் வீட்டின் உள்பக்கம் எப்படி இருக்கும் என்று கம்ப்யூட்டரில் படமாக்கிக் காட்டுவது என் வேலை. இப்போது வேலைக்கு வரும் பிள்ளைகள் படத்தில் நாய்ஸ் என்று பொடிப் புள்ளி வந்தால் கண்ணை மூடிக்கொண்டு சாம்பிளை, அதாவது கம்ப்யூட்டர் வெளிச்சத்தைக் கணக்குப் போடும் தடவையை, ஏற்றுகிறார்கள். அதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். அவர்களுக்காகத்தான் இந்தக் கூத்தாநல்லூர் வீட்டுக் கதையை எழுதுகிறேன்.

சார் சொன்னது பொய்யில்லை. படத்தில் சுவர், சோபா, தரை எல்லாவற்றிலும் பொடிப் பொடியாகப் புள்ளி. வெளிச்சம் எந்த வழியாக வருகிறது என்று சாஃப்ட்வேர் தேடித் திணறும் இடத்தில் இப்படி விழும். போதாக்குறைக்கு ஹால் வேறு மங்கலாக இருந்தது. அது வெறும் டிராஃப்ட்தான். ஆனால் சார் அவசரப்பட்டு அதை வீட்டுக்காரருக்கு வாட்ஸப்பில் தட்டிவிட்டிருந்தார்.

வீட்டுக்காரருக்கு சிங்கப்பூரில் வேலை. இங்கே வீட்டு வேலையைக் கவனித்தது அவர் மனைவி ஜமீலா அக்கா. தையல் வேலை செய்பவர். அன்று மத்தியானமே எனக்குப் போன் வந்தது.

“கலா, அவங்க படத்தைப் பாத்துட்டாங்கம்மா. இவ்ளோ பெரிய ஜன்னல் வச்சும் இருட்டாதானே இருக்கு, அடைச்சு சுவரா எழுப்பச் சொல்லு, ஏசி போட்டுக்கலாம்ங்கிறாங்க. திங்கக்கிழமை கொத்தனார் வந்துடுவாரு.”

“நீங்க என்னக்கா சொன்னீங்க?”

“நான் என்னத்தச் சொல்ல? படமே அப்படித்தானே இருக்கு. கல்யாணமாகி வந்ததுலேருந்து இந்தச் சந்து வீட்டுலதான் கெடக்குறேன். பகல்லயே லைட்டைப் போட்டாதான் ஊசில நூல் கோக்க முடியுது. கரண்ட் போனா கையைக் கட்டிக்கிட்டு உக்காந்திருக்கணும். எனக்குன்னு நான் கேட்டது அந்த ஒரு ஜன்னல்தான்.”

வயலைப் பார்த்த அந்த ஜன்னலை என் படம் மூடப் போகிறதா? விடுவேனா?

எல்லாரும் செய்வதைத்தான் முதலில் நானும் செய்தேன். சாம்பிளை ஏற்றினேன். கம்ப்யூட்டர் ஃபேன் கத்தியதுதான் மிச்சம், புள்ளி கொஞ்சம் பொடிசானதே தவிரப் போகவில்லை. புள்ளியைத் துடைக்கும் டீநாய்ஸரைப் போட்டேன். அது புள்ளியோடு சேர்த்து சோபா துணியின் நெசவு, கதவு மரத்தின் ரேகை எல்லாவற்றையும் வழித்துவிட்டது. ஹால் மெழுகில் செய்த மாதிரி ஆகிவிட்டது, இருட்டு மட்டும் அப்படியே நின்றது.

சார் எட்டிப் பார்த்தார். “ஏம்மா இந்தப் பாடு? உள்ளே நாலு லைட்டை ஒளிச்சு வச்சு வெளிச்சமாக்கி அனுப்பு. யாருக்குத் தெரியப்போவுது?”

“கட்டி முடிச்சதும் தெரியும்ல சார்? அப்ப திட்டு யாருக்கு விழும்? அக்காவுக்குத்தானே?”

“உன்கிட்ட பேசி ஜெயிக்க முடியுமா?” என்று போய்விட்டார்.

பிறகு உட்கார்ந்து ஹாலில் இருந்த சாமான்களை ஒவ்வொன்றாக மறைத்து, சின்ன அளவில் படமாக ரெண்டர் போட்டுப் பார்த்தேன். சோபா இல்லை, புள்ளி இருந்தது. கண்ணாடி டீப்பாய் இல்லை, இருந்தது. தொங்கும் விளக்கு இல்லை, அப்போதும் இருந்தது. எரிச்சலில் ஜன்னலையே மறைத்தேன். படம் துடைத்துவிட்ட மாதிரி வந்தது! ஜன்னலின் சட்டத்தை மட்டும் திரும்பக் கொண்டுவந்தேன், சுத்தம். கண்ணாடியைக் கொண்டுவந்தேன், சுத்தம். கொசுவலையைக் கொண்டுவந்தேன். வந்துவிட்டது ரவை.

அடக் கடவுளே, கொசுவலையா! எங்கள் பக்கத்தில் வலை இல்லாத ஜன்னலைக் காட்டினால் பிளானைக்கூடப் பார்க்க மாட்டார்கள். சுற்றிலும் வயலும் வாய்க்காலும் இருக்கும் ஊரில் கொசுவுக்கு என்ன குறை? ரெடிமேடாகக் கிடைக்கும் வெளிநாட்டு ஜன்னல் மாடல்களில் வலை இருக்காது. அதனால் நானே கம்பி கம்பியாக நிஜ வலை மாதிரியே செய்து வைத்திருந்தேன். அதில் எனக்குப் பெருமை வேறு. வெளியிலிருந்து வரும் ஒவ்வொரு கதிரும் அந்தப் பொடி ஓட்டைகளில் வழி தேடி, பாதிக்கு மேல் கம்பியில் முட்டித் தொலைந்துகொண்டிருந்தது. நிஜத்தில் கம்பியில் பட்டுத் தெறித்தும் வெளிச்சம் உள்ளே வரும்; சாஃப்ட்வேர் அதை எண்ணாமல் விட்டுவிடுகிறது.

வலை கண்ணுக்குத் தெரியட்டும், வெளிச்சத்தை மறிக்க வேண்டாம் என்று செட்டிங்கை மாற்றினேன். ஹால் பளிச்சென்று ஆனது. ஆனால் நிஜ வலை கொஞ்சம் வெளிச்சத்தைத் தின்னத்தானே செய்யும்? எங்கள் ஆபீஸ் ஜன்னலில் வலையைச் சாத்தி ஒரு போட்டோ, திறந்து ஒரு போட்டோ எடுத்தேன். அந்த வித்தியாசம் எவ்வளவோ அவ்வளவுக்கு ஜன்னல் வெளிச்சத்தைக் குறைத்த பிறகுதான் படத்தை அனுப்பினேன்.

கொத்தனார் வருவதற்கு முந்தின நாள் வீட்டுக்காரர் கூப்பிட்டார். சார் போனை என்னிடம் நீட்டினார்.

“அன்னிக்கு இருட்டு, இன்னிக்கு வெளிச்சமா? லைட்டு கிட்டு போட்டு ஏமாத்துறீங்களா?”

“ஒரு லைட்டும் போடல சார். அன்னிக்கு வலையை நான் செஞ்ச விதம் தப்பு. இன்னிக்கு அனுப்புனது வலையோட நெசமா வர்ற வெளிச்சம். வீடு கட்டுனதும் படத்தைப் பக்கத்துல வச்சுப் பாருங்க. மங்கலா இருந்தா என்னை வந்து கேளுங்க.”

“சரி, இருக்கட்டும் ஜன்னல்,” என்றார்.

நாய்ஸ் வந்தால் சாம்பிளைத் தொடாதீர்கள். வெளிச்சம் வரும் வழியில் என்ன நிற்கிறது என்று முதலில் பாருங்கள். நான் கற்றது இவ்வளவுதான்.

வீடு குடிபோன அன்று என்னையும் கூப்பிட்டிருந்தார்கள். சிங்கப்பூரிலிருந்து வந்திருந்த வீட்டுக்காரர், நான் சொன்னபடியே போனில் என் படத்தை விரித்துக்கொண்டு, ஹால் நடுவில் நின்று மாற்றி மாற்றிப் பார்த்துக்கொண்டிருந்தார். ஜன்னலோரம் அக்கா யாரோ ஒரு பிள்ளையின் சட்டைக்குப் பொத்தான் தைத்துக்கொண்டிருந்தார். திடீரென்று தலைக்கு மேல் ஃபேன் நின்றது.

“கரண்ட் போயிடுச்சா?” என்றார் வீட்டுக்காரர்.

அக்கா நிமிரவில்லை. “அப்படியா?” என்று கேட்டுவிட்டு ஊசியில் அடுத்த நூலைக் கோத்தார்.