வெர்லாவின் வாசல் பனி

கோதுமை அறுவடை முடிந்த கையோடு நெஸ்டர் கண்ணை மூடினான். அவன் மனைவி வெர்லா அன்றைக்குப் படுத்தவள்தான், நவம்பர் முழுக்க எழுந்திருக்கவில்லை. பல் தேய்ப்பதே அவளுக்கு மலையாக இருந்தது. ஓய்வு பெறும்வரை தபால் நிலையத்தில் நின்றுகொண்டு ஊரையே அதட்டிய பெண்மணி இவள்தான் என்றால் அப்போது யாரும் நம்பியிருக்க மாட்டார்கள்.

நர்ஸ் டோரீன் வீட்டுக்கே வந்து மாத்திரை கொடுத்தாள், கூடவே ஒரு வேலையும் கொடுத்தாள். மனசு சரியாகட்டும், பிறகு எழுந்திருக்கலாம் என்று காத்திருக்காதே. காலைத் தரையில் வை, வெளியே போ, மனசு நொண்டிக்கொண்டு பின்னாலேயே வரும் என்றாள். வெர்லாவுக்கு அந்தப் பேச்சு பிடிக்கவே இல்லை. இருந்தாலும் மறுநாள் விடிவதற்குள் நெஸ்டரின் கோட்டை மாட்டிக்கொண்டு வாசல் பனியை அள்ளினாள். உள்ளே வந்து முட்டை பொரித்து, உட்கார்ந்து சாப்பிட்டாள். அன்று அவள் மறுபடி படுக்கவில்லை. இதைப் பிடித்துக்கொண்டே கரையேறிவிடலாம் என்று அவளுக்குத் தோன்றியது. அந்த டிசம்பரில் பனிக்குப் பஞ்சமும் இல்லை.

ஒரு காலை கதவைத் திறந்தால், வாசல் சுத்தமாக இருந்தது. மெஷின் போட்டு யாரோ பனியைத் துளி விடாமல் வாரியிருந்தார்கள்.

எங்கள் ஊர் வழக்கம் அது. ஒரு வீட்டில் சாவு விழுந்தால் போய் எப்படி இருக்கிறாய் என்று கேட்க மாட்டோம். வாசற்படியில் பெரோகி என்னும் உருளைக்கிழங்குக் கொழுக்கட்டைத் தட்டை வைத்துவிட்டு, பனியையும் வாரிவிட்டு, ஆள் பார்ப்பதற்குள் நழுவிவிடுவோம். நல்ல வழக்கம்தான். உனக்கு இது வேண்டுமா என்று கேட்க மட்டும் ஒருத்தருக்கும் வாய் வராது.

வெர்லா கோட்டோடு கட்டிலில் உட்கார்ந்தாள். சற்று சாய்ந்தாள். எழுந்தபோது சாயங்காலமாகிவிட்டது. அடுத்த நாளும் அதே கதை. அவளுக்குப் பயம் பிடித்துக்கொண்டது. இன்னொரு முறை படுக்கையில் விழுந்தால் எழுந்திருக்க மாட்டாள் என்று அவளுக்கே தெரியும். மறுநாள் பூட்ஸைப் போட்டுக்கொண்டு கதவுக்குப் பின்னால் காத்திருந்தாள். மெஷின் சத்தம் கேட்டதும் வெளியே பாய்ந்தாள்.

எதிர்வீட்டு டுவைட் நின்றிருந்தான்.

"அத நிறுத்து, டுவைட்."

நிறுத்தினான். இதுகூடச் செய்யாவிட்டால் அக்கம்பக்கம் என்று எதற்கு இருக்கிறோம் என்றான்.

"உன் உபகாரமே என்னைக் கொன்னுடும்யா. இந்தப் பனிதான் என்னைக் கட்டில்லேந்து இழுத்துட்டு வருது. அதையும் நீ வாரிட்டுப் போயிட்டா நான் எதுக்கு எழுந்திரிக்கணும்?"

டுவைட் கையுறையையே பார்த்துக்கொண்டிருந்தான். மன்னிப்புக் கேட்டுவிட்டுப் போய்விடுவான் என்று அவள் நினைத்தாள்.

"கட்டின புருஷன் நான் யாருன்னே அய்லீனுக்குத் தெரியல. சாஸ்கட்டூன் முதியோர் இல்லத்துல விட்டுட்டு வந்ததுலேந்து எனக்கும் அதேதான், வெர்லா. என் வாசல் சட்டுனு முடிஞ்சுபோயிடுது. அப்புறம் அந்த வீட்டுக்குள்ள எப்படிப் போறது? அதான் உன் வாசலுக்கு வந்துடறேன்."

எதிர்வீடு. தினமும் அந்த ஜன்னலைப் பார்க்கிறாள். துக்கம் தன் வீட்டில் மட்டும்தான் என்று இருந்துவிட்டோமே என்று அவளுக்கு வெட்கமாகப் போயிற்று. கோபம் வடிந்தது. ஆனால் பனியை மட்டும் விட்டுக்கொடுப்பதாக இல்லை.

"சரி, என் வாசல் உனக்கு, உன் வாசல் எனக்கு. மெஷினக் கொண்டுபோய் ஷெட்ல வை. கையாலதான் அள்ளணும்."

முதுகு போய்விடும் என்று முனகினான். முதுகைப் பார்த்துக்கொள்ளத்தான் டோரீன் இருக்கிறாளே என்றாள்.

அன்றிலிருந்து விடியுமுன் இரண்டு மண்வெட்டிகள் தெருவின் இரண்டு பக்கமும் ஒன்றையொன்று திட்டிக்கொண்டு வேலை செய்தன. அள்ளி முடிந்ததும் இவள் அடுப்பில் முட்டை, அவன் அடுப்பில் கஞ்சி.

ஜனவரியில் ஒரு காலை, பனியே விழவில்லை. இரண்டு வாசலும் காய்ந்து கிடந்தன. வெர்லா கதவருகே நின்றாள். உடம்பு கட்டிலைக் கேட்டது. கட்டில் பக்கம் ஓரடி வைத்தும்விட்டாள். அப்போதுதான் எதிர்வீட்டு ஜன்னல் கண்ணில் பட்டது. விளக்கு எரியவில்லை. பூட்ஸை இழுத்து மாட்டிக்கொண்டு தெருவைக் கடந்தாள். எங்கள் ஊரில் அந்த நேரத்தில் யாரும் யார் கதவையும் தட்டுவதில்லை. அவள் தட்டினாள். திறக்கும்வரை தட்டினாள்.

டுவைட் போர்வையோடு வந்து நின்றான். பனிதான் விழவில்லையே என்றான். இன்றைக்குத் தன்னால் முடியாது, போய்விட்டு நாளைக்கு வா என்றான்.

"எனக்கும் முடியலதான். அதான் வந்தேன். கோட்டப் போடு, நடப்போம்."