போனைத் துண்டித்த இருபத்து மூன்று வீடுகள்

"தற்காலிகத் தரவு உள்ளீட்டு உதவியாளர். வேகமான தட்டச்சு அவசியம். நோயாளிகளுடன் பேச வேண்டியதில்லை. வெளியூர்ப் பயணம் இல்லை."

கோவையில் ஒரு தனியார் மருத்துவமனையின் நோய்க்குறியியல் பிரிவு பங்காரம்மாவுக்குக் கொடுத்த பணி ஆணை இப்படிச் சொல்கிறது. ஐம்பத்து மூன்று வயதான பங்காரம்மா ஒற்றை விரலால் தட்டச்சு செய்பவர். பேசாமல் இருக்கத் தெரியாதவர். ஆணையில் அவருக்குச் சரியாகப் பொருந்திய ஒரே சொல் 'தற்காலிக' என்பதுதான்.

அதற்கு முன் இருபத்திரண்டு வருடம் பெரியநாயக்கன்பாளையத்தில் ஒரு பம்ப்செட் கம்பெனியில் புகார் போன் எடுத்துக்கொண்டிருந்தார். விவசாயிகள் கொட்டும் கோபத்தையெல்லாம் கேட்டு, "ஆகட்டுமுங்க" என்று சொல்லி, மெக்கானிக்கை அனுப்பி வைப்பார். புகார்களைச் செல்போன் செயலியில் பதியச் சொன்ன நாளில் கம்பெனி அவரை வீட்டுக்கு அனுப்பியது.

மருத்துவமனையில் டாக்டர் ஹரிதாவின் ஆய்வு நான்கு வருடமாக நடந்துகொண்டிருந்தது. பித்தப்பையில் கல் என்று ஆபரேஷன் செய்துகொண்டு, எடுத்த பையைச் சோதித்தபோது எதிர்பாராமல் புற்றுநோய் தெரியவந்த எண்பத்தாறு பேர். அவர்களுடைய திசுவை மெல்லிசாகச் சீவி, ஒரு குறிப்பிட்ட புரதம் இருந்தால் மட்டும் பழுப்பாகும்படி சாயமேற்றியிருந்தார் ஹரிதா. பழுப்பானவர்கள் சீக்கிரம் போய்ச் சேர்கிறார்களா, ஆகாதவர்கள் நெடுநாள் இருக்கிறார்களா என்பதுதான் கேள்வி. எண்பத்தாறு கண்ணாடித் துண்டுகளும் பத்திரமாக இருந்தன. ஆட்களில்தான் இருபத்து மூன்று பேரைக் காணோம். செல்லுக்குள் ஒளிந்திருக்கும் புரதத்தைக் கண்டுபிடித்துவிட்ட மருத்துவம், கொடுமுடியில் குடியிருக்கும் மனிதரைக் கண்டுபிடிக்கத் திணறியது.

மாதக் கடைசிக்குள் அந்த இருபத்து மூன்று பத்துக்குக் கீழே வராவிட்டால் ஆய்வை மூடிவிடுவதாக ஆய்வுக் குழு கடிதம் அனுப்பியது. புள்ளிவிவரம் பார்க்கும் கதிரேசன் ஒரு வழி சொன்னார்.

"நோவு அப்படிப்பட்டதுங்க டாக்டர். ரெண்டு வருசமா ஒருத்தரும் பேசலை. எறந்துட்டாங்கன்னே போட்டுக்கலாமுங்க."

அடுத்த மேசையில் ஒற்றை விரலோடு போராடிக்கொண்டிருந்த பங்காரம்மா நிமிர்ந்தார். முந்தின வாரம், பேச வேண்டியதில்லை என்ற ஆணையை மீறி, பட்டியலில் இருந்த எண்களையெல்லாம் ஒவ்வொன்றாகக் கூப்பிட்டுப் பார்த்திருந்தார்.

"எறந்துட்டாங்கன்னு நாம முன்னாடியே எழுதினவங்க ஊட்டுல மொத மணியிலேயே எடுத்தாங்க கண்ணு. அரை மணி நேரம் பேசுனாங்க, அழுதாங்க, எனக்குக் கல்யாணம் ஆச்சான்னுகூடக் கேட்டாங்க. இந்த இருபத்து மூணு ஊட்டுக்காரங்க அப்படியில்லை. ஆஸ்பத்திரின்னதும் ராங் நம்பருங்கன்னு குசுகுசுக்கறாங்க. ராங் நம்பர்னு சொல்றவன் எதுக்குக் குசுகுசுக்கோணும்?"

"எதுக்குங்க?" என்றார் ஹரிதா.

"பக்கத்துல யாரோ இருக்கறாங்க. அவிங்களுக்குக் கேக்கக் கூடாது. மோட்டார் நின்னுபோனவன்தான் கம்பெனிக்குப் பேசுவான். நல்லா ஓடிட்டிருக்கறவன் நம்ம நம்பரைப் பார்த்தாலே வெச்சுப்போடுவான்."

கதிரேசன் சிரித்தார். "மோட்டாரும் மனுசனும் ஒண்ணுங்களாக்கா?"

"ரெண்டையும் கழட்டிப் பாக்காம செத்துப்போச்சுன்னு எழுதக் கூடாது."

வீடுகளுக்கு நேரில் போக ஹரிதா அனுமதி கேட்டார். பயணம் இல்லை என்று ஆணை எழுதிய அதே அலுவலகம் ஒரே நாளில் கையெழுத்துப் போட்டது. மூடப்போகிற ஆய்வு என்பதால் யாரும் படித்துப் பார்க்கவில்லை. மருத்துவமனைப் பெயர் அச்சிட்ட ஃபைலை ஒரு ஜவுளிக்கடைப் பைக்குள் மறைத்துக்கொண்டு பங்காரம்மா பஸ் ஏறினார்.

கொடுமுடிக்குப் பக்கத்துத் தோட்டம் ஒன்றில், பட்டியலில் ஏழாவது ஆளான தம்பிதுரையின் மகன் வாசலிலேயே மறித்தான்.

"மெதுவாப் பேசுங்க. அப்பனுக்குக் கல்லுன்னுதான் சொல்லி வெச்சிருக்கறோமுங்க. நெசந்தெரிஞ்சா தாங்கமாட்டாருங்க."

"நானும் கல்லுன்னே கேக்கறனுங்க. பொய்யில்லையே, கல்லும் இருந்துச்சுல்ல?"

தாங்கமாட்டாதவர் அப்போது மொபெட்டில் மாட்டுக்கு இரண்டு கட்டு சோளத்தட்டோடு வந்து இறங்கினார். எழுபத்தோரு வயது.

"ஏனுங்க அம்மணி, யாருங்க?"

"கல்லு ஆபரேசன் பண்ணுன எடத்திலிருந்து வாரனுங்க. சுகமா இருக்கறீங்களான்னு பாக்கத்தான்."

"எனக்கென்னங்க. ஆனா எடுத்த கல்லைக் குடுக்கவேயில்லை பாத்துக்கங்க. பக்கத்துத் தோட்டத்துக்காரன் அவன் கல்லை பாட்டில்ல போட்டு டிவி மேல வெச்சிருக்கறான். எனக்கு மரியாதையே போச்சு."

மோர் குடிக்க வைத்து, பஸ் நிறுத்தம்வரை கூடவே வந்தார் தம்பிதுரை. வீடு மறைந்ததும் குரலைத் தாழ்த்தினார்.

"வெறுங் கல்லுக்கு மொத வருசம் மூணு மாசத்துக்கொருக்கா ஸ்கேன் எடுப்பாங்களாக்கும்? எனக்கு அன்னைக்கே தெரியுமுங்க. பையங்கிட்டச் சொல்லிப்போடாதீங்க. அவன் தாங்கமாட்டான்."

"சொல்லலீங்க. எனக்கு ஒண்ணே ஒண்ணு வேணும். நீங்க இருக்கறீங்கன்னு எழுதிக்கட்டுமுங்களா?"

"நல்லாக் கொட்டையெழுத்துல எழுதுங்க."

துடியலூரில், பட்டியலில் இருந்த ஒரு பெண்மணி வாசலில் நின்று காய்கறிக்காரரிடம் பேரம் பேசிக்கொண்டிருந்தார். உள்ளே அவருடைய மகள், பங்காரம்மா தெருவிலிருந்து கூப்பிட்ட போனில், ராங் நம்பர் என்று சொல்லிக்கொண்டிருந்தாள். எழுதவேண்டியதைப் பங்காரம்மா தெருவிலேயே நின்று எழுதிக்கொண்டார்.

மாதக் கடைசிக்கு இரண்டு நாள் முன்பு ஜவுளிக்கடைப் பை கதிரேசனின் மேசைக்கு வந்தது. இரண்டு பேரை மட்டும் கண்டுபிடிக்க முடியவில்லை. நான்கு பேர் இறந்திருந்தார்கள். அவர்களில் மூவரின் திசு பழுப்பானது. பதினேழு பேர் உயிரோடு இருந்தார்கள். அவர்களில் பதினைந்து பேரின் திசுவில் பழுப்பே இல்லை. கதிரேசன் கணக்கைத் திரும்பப் போட்டார். அதுவரை பின்னிக் கிடந்த இரண்டு கோடுகளும் திரையில் தெளிவாகப் பிரிந்து நின்றன. அவர் முதலில் சொன்னபடி அத்தனை பேரையும் இறந்தவர்களாக எழுதியிருந்தால், அந்தப் புரதம் எதையும் சொல்லாத புரதம் என்று முடிவாகியிருக்கும்.

"கழட்டிப் பாத்தது நல்லதாப் போச்சுங்கக்கா," என்றார் கதிரேசன்.

இதை வைத்து நாளைக்கே எந்த நோயாளிக்கும் நாள் குறிக்க முடியாது, இன்னும் பல ஊர்களில் பார்க்க வேண்டும் என்பது ஹரிதாவுக்குத் தெரியும். ஆய்வுக் குழு ஆய்வை நீட்டித்தது. பங்காரம்மாவின் வேலையும் நீண்டது. புதிய ஆணை பழையதைப் பார்த்து எழுதியதுதான்: வேகமான தட்டச்சு அவசியம், நோயாளிகளுடன் பேச வேண்டியதில்லை.

பங்காரம்மா பதினொரு நாளில் இருபத்து மூன்று வீடுகளைத் தேடிப் போய், உயிரோடிருந்த பதினேழு பேரை உயிரோடிருப்பவர்கள் என்று எழுதினார்.