மச்சானின் தலையாட்டல்

எனக்கு என்ன வேலை என்று ஊரில் யாராவது கேட்டால் என் மனைவி முந்திக்கொள்வாள். "அவர் வீட்டுக்குள்ளை இருந்து பந்தடிக்கிறார்." கேட்டவர் என் தொப்பை வண்டியை ஒருமுறை பார்ப்பார். பிறகு மழையைப் பற்றிக் கதைக்கத் தொடங்கிவிடுவார்.

அவள் சொல்வதில் பொய்யில்லை. வெளிநாட்டு நிறுவனம் ஒன்று கணினியில் விளையாடும் பேஸ்பால் ஆட்டம் ஒன்றைச் செய்கிறது. ஒவ்வொரு வீரனுக்கும் எந்தத் திறமை எவ்வளவு என்று எண்களைக் கொடுத்துவிட்டால், ஆட்டம் தானாக நடந்து யார் வென்றது என்று சொல்லும். அந்த எண்களுக்குப் பின்னால் இருக்கும் நிரலை எழுதுபவர்களில் நானும் ஒருவன். ஸ்கந்தபுரத்தில் முன்னறை மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்து எழுதுகிறேன். பேஸ்பாலை நேரில் கண்டதில்லை. கிளிநொச்சியில் எங்கே போய்க் காண்பது? எல்லாம் காணொளியில் படித்த படிப்புத்தான்.

ஒருநாள் என் மேலாளர் அம்மணி புதிய வேலை ஒன்றைத் தந்தார். பேஸ்பாலில் அடிப்பவருக்குப் பின்னால் ஒருவர் குந்தியிருப்பார். பந்தைப் பிடிப்பது மட்டும் அவர் வேலையில்லை. அடுத்து என்ன பந்து போட வேண்டும் என்று எறிபவருக்கு விரலால் சைகை காட்டுவதும் அவர்தான். அந்தச் சைகையில் இருக்கும் புத்தி ஆட்டத்தை எவ்வளவு மாற்றுகிறது என்பதை நான் கணக்காக்க வேண்டும்.

கதிரையை விட்டு எழும்பியே விட்டேன். பின்னே? எங்கள் ஊர்க் கிரிக்கெட் கழகத்தின் விக்கெட் காப்பாளரே நான்தான். எங்கள் வேகப்பந்து வீச்சாளன் என் மனைவியின் தம்பி, என் மச்சான். விக்கெட்டுக்குப் பின்னால் நின்று முழங்காலைத் தட்டினால் காலடிக்கு வரும் யோர்க்கர், தொப்பியைத் தொட்டால் மெதுவான பந்து. மச்சான் அங்கிருந்து பார்த்துத் தலையாட்டுவான், ஓடி வருவான், விக்கெட் விழும். கை அவனுடையது, மூளை என்னுடையது என்று தேநீர்க் கடையில் நான் சொல்லாத நாளில்லை. அவனும் பக்கத்தில் நின்று தலையாட்டுவான்.

அப்போது வீட்டில் வேறு கதையே இல்லை. அடுத்த மாதம் கிளிநொச்சியில் நடக்கும் ஆட்டத்துக்கு மாவட்ட அணித் தெரிவாளர்கள் வருகிறார்கள். மச்சானுக்கு வயது ஏறிக்கொண்டிருந்தது. இந்த முறை எடுபடாவிட்டால் இனி ஒருவரும் அவனைக் கூப்பிடப் போவதில்லை. மாவட்ட அணிச் சட்டையைத் தவிர வேறெதற்கும் அவன் ஆசைப்பட்டு நான் கண்டதில்லை. மனைவி கோயில் கோயிலாக நேர்த்தி வைத்துக்கொண்டிருந்தாள்.

"நீ ஒண்டுக்கும் யோசியாதை. பின்னாலை நான் நிக்கிறன்" என்றேன் அவளிடம்.

அவள் அடுத்த கோயிலுக்குப் புறப்பட்டாள். அதையும் நம்பிக்கை என்று எடுத்துக்கொண்டேன்.

வேலை மளமளவென்று நடந்தது. இதில் ஒரு பொறி உண்டு. நல்ல எறிபவர் வாய்த்துவிட்டால் பின்னால் குந்தியிருக்கும் எந்த மொக்கனும் கெட்டிக்காரன் போலத் தெரிவான். ஆகவே அதே எறிபவர் வேறு ஆட்களோடு விளையாடும்போது என்ன செய்கிறார் என்று ஒப்பிட்டுப் பார்த்தே எண் போட வேண்டும். இதை நானே விளக்கவுரையில் அழகாக எழுதினேன். எழுதும்போது எனக்கு உறைத்ததா? இல்லவே இல்லை. அனுப்பிவிட்டு, அம்மணி மூர்ச்சையாகும் அளவுக்குப் பாராட்டுவார் என்று காத்திருந்தேன்.

அவரிடமிருந்து ஒரேயொரு கேள்விதான் வந்தது. "எறிபவர் மறுப்பதற்கு உங்கள் நிரலில் இடமே இல்லையே, ஏன்?"

பேஸ்பாலில் சைகை பிடிக்காவிட்டால் எறிபவர் தலையை இடமும் வலமும் ஆட்டுவாராம். பின்னால் இருப்பவர் வேறு சைகை காட்ட வேண்டுமாம். காணொளிகளில் நானும் அதைக் கண்டிருக்கிறேன்தான். வியர்வைக்குத் தலையை உதறுகிறார்கள் என்று நினைத்திருந்தேன். அத்தானுக்கு ஒருவன் எப்படி மாட்டேன் என்பான்? நான் வீட்டுக்குள் வந்தால் மச்சான் கதிரையை விட்டு எழும்புவான். நான் பிழையான வழி சொன்னாலும் அந்த வழியே மோட்டார் சைக்கிளை விட்டு, நான் காணாத இடத்தில் திருப்பிக்கொண்டு வருவான். அப்படிப்பட்ட மனிதர்களை மனதில் வைத்தே நான் ஒரு பேஸ்பால் உலகத்தைச் செய்திருக்கிறேன். என் எறிபவர்கள் அத்தனை பேரும் மச்சான்மார்.

"நடைமுறையில் யாரும் மறுப்பதில்லை" என்று எழுதத் தொடங்கினேன். ஆதாரத்தோடு எழுதினால் அம்மணியின் வாய் அடையும் என்று தோன்றியது. எங்கள் கழகத்துப் பொடியள் எடுத்த ஆட்டக் காணொளிகள் கைபேசியில் இருந்தன. திறந்தேன்.

நான் முழங்காலைத் தட்டுகிறேன். மச்சான் தலையாட்டுகிறான். ஓடி வந்து மெதுவான பந்தைப் போடுகிறான். ஆள் அவுட். நான் குதித்துக்கொண்டு ஓடிப்போய் என் நெற்றியை விரலால் தட்டிக் காட்டுகிறேன், மூளை, மூளை என்று.

அடுத்ததைப் பார்த்தேன். தொப்பியைத் தொடுகிறேன். தலையாட்டுகிறான். வருகிறது யோர்க்கர். மறுபடியும் நெற்றியைத் தட்டுகிறேன். சிவசிவா! இத்தனை காலமும் இது எனக்குத் தெரியாமல் போனது எப்படி? விக்கெட் விழாவிட்டால் அவனுக்குக் கை வழுக்கிவிட்டது என்று மன்னித்துவிடுவேன். விழுந்தால் நான் கேட்டதே அந்தப் பந்தைத்தான் என்று நம்பிவிடுவேன். கைபேசியை மேசையில் கவிழ்த்து வைத்தேன்.

மனைவியைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவள் குசினிக்குள் இருந்து கையைத் துடைத்துக்கொண்டு வந்து பார்த்தாள்.

"இது உங்களுக்கு இப்பதான் தெரியுமோ?"

"உனக்குத் தெரியுமோ?"

"ஊருக்கே தெரியும். உங்கட முகத்துக்கு நேரை இல்லையெண்டு சொல்ல அவனுக்கு ஏலாது. ஆனா ஒவ்வொரு பந்துக்கும் உங்களைப் பாத்து, பொய்க்குத் தலையாட்டி, பிறகு தன்ரை பந்தை யோசிக்கிறதுக்குள்ளை தனக்குத் தலை சுத்துது எண்டு என்னட்டை அழுதவன்."

"பிறகேன் நீ சொல்லேல்லை?"

"நெத்தியைத் தட்டிக் காட்டுற மனுசனிட்டை என்னத்தைச் சொல்லுறது?"

எனக்குக் கோபம் வந்தது. யார்மேல் என்று தெரியாததால் மின்விசிறியை நிறுத்தினேன். பிறகு வேர்த்தது, போட்டேன். அவள் சொன்னதில் ஒன்று மட்டும் உள்ளே குத்திக்கொண்டே இருந்தது. தெரிவாளர்கள் முன்னால் அவனுக்குத் தலை சுற்றக்கூடாது.

மாலை மச்சான் வந்தான். வழமைபோல நான் உட்காரும்வரை நின்றான்.

"மச்சான், ஒளிக்காமல் சொல்லு. அந்த மட்சுக்குப் பின்னாலை ஆர் நிண்டால் நல்லம்?"

"இதென்ன கேள்வி அத்தான்? நீங்கள்தான்."

"உண்மையாவோ?"

தலையாட்டினான். அந்தத் தலையை வைத்துக்கொண்டு நான் என்ன செய்வது? இவனிடம் கேட்டு ஒன்றும் ஆகாது என்று தெரிந்தது. இடுப்பைப் பிடித்துக்கொண்டு முனகினேன்.

"நிப்பன்தான். ஆனா காலமை துடக்கம் நாரி பிடிச்சிட்டுது. குனிய ஏலாமல் கிடக்கு."

அவன் முகம் ஒரு கணம் பளிச்சென்று விடிந்தது. அதற்குப் பிறகுதான் கவலைப்பட்டது. "ஐயோ அத்தான், எண்ணெய் பூசினீங்களோ?" என்று கேட்டபோது குரலில் இருந்த சந்தோசத்தை அவனால் மறைக்க முடியவில்லை. எனக்கு அழுகை வந்தது. நாரி வலி என்று நினைத்திருப்பான்.

நிரலில் மறுப்புக்கு இடம் வைத்து அனுப்பினேன். அம்மணி "இப்போது சரியாக இருக்கிறது" என்று எழுதினார்.

ஆட்டத்தன்று மைதான ஓரத்தில் மனைவிக்குப் பக்கத்தில், இடுப்பில் துவாயைச் சுற்றிக்கொண்டு பிளாஸ்டிக் கதிரையில் இருந்தேன். என் இடத்தில் நின்றவர் தண்ணீரூற்று என்ற ஊரில் இருந்து மீன் கொண்டுவந்து விற்பவர். அவர் முழங்காலைத் தட்டினார். மச்சான் இல்லை என்று தலையை ஆட்டினான். எல்லோரும் பார்க்க, நன்றாக, இடமும் வலமும். மீன்காரர் தொப்பியைத் தொட்டார். அதற்கும் இல்லை என்றான். கையை விரித்து ஏதோ கத்தினான். மீன்காரரும் திருப்பிக் கத்தினார். பிறகு இருவரும் சிரித்தார்கள். ஓடி வந்தான், நடு விக்கெட் எகிறியது. அவன் அப்படிச் சிரித்துக்கொண்டு பந்து போட்டதை நான் கண்டதே இல்லை. கைதட்டினேன்.

ஆட்டம் முடிந்து தெரிவான பெயர்களை வாசித்தார்கள். மச்சானின் பெயரும் இருந்தது. மனைவி அங்கேயே அழுதுவிட்டாள். அவன் எல்லோரையும் விலக்கிக்கொண்டு நேராக என்னிடம் ஓடி வந்தான்.

"நாரி எப்பிடி அத்தான்?"

கேட்ட விதத்தில், அவனுக்கு எல்லாம் தெரியும் என்று விளங்கியது.

"சரிவராது மச்சான். இனி நான் கீப் பண்ணுறதெண்டது நடக்காத காரியம். உனக்கும் அப்பிடித்தானே படுது?"

உடனே தலையாட்டினான். இந்த முறை நான் நம்பினேன்.