சுவர்ப் பக்கத்து டயர்கள்

மாட்டுங்காவில் அந்தக் கட்டடத்துக்காரர்கள் அனந்தநாராயணனைக் கேட்காமல் ஒரு மிக்ஸிகூட வாங்கமாட்டார்கள். இன்சூரன்ஸ் கம்பெனியில் விபத்து க்ளெய்ம் பார்த்து ஓய்வு பெற்றவர். எது உசத்தி, எது மட்டம் என்று அலசிச் சொல்வதில் அவருக்கு அலாதி ருசி. அந்த ருசிதான் கடைசியில் வினையாயிற்று.

சொந்தக் காருக்கு டயர் மாற்ற வேண்டி வந்தபோது பெரிய ஆராய்ச்சியே நடந்தது. வெயில், மழை எல்லாவற்றுக்கும் பொதுவான ஆல் சீசன் டயர்தான் வேண்டும், அதிலும் உசத்தி ரகம் ஈரத்தில் சட்டென்று நிற்கும், மலிவு ரகம் வழுக்கிக்கொண்டு போய்த்தான் நிற்கும் என்று கீழ்வீட்டு சுரேந்திரனை நிறுத்திவைத்து விளக்கினார்.

"உயிரே டயர்லதான் இருக்கு. அதுல போய்க் கஞ்சத்தனம் பண்ணாதீங்கோ."

ஊருக்குத்தான் உபதேசம். தாராவியில் காலித்தின் டயர் கடையில் விலையைக் கேட்டதும் உபதேசியார் பர்ஸைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். நாலும் உசத்தியாக வாங்கக் கை வரவில்லை. நாலும் மலிவாக வாங்கினால் சுரேந்திரன் முகத்தில் எப்படி விழிப்பது? அப்போதுதான் அந்த யோசனை உதித்தது. கட்டடத்தில் அவர் கார் இடப்பக்கம் மதிலை ஒட்டித்தான் எப்போதும் நிற்கும். பார்க்கிறவர்கள் கண்ணில் படுவது வலப்பக்கம் மட்டும்.

"வலது பக்கம் ரெண்டும் ஒசத்தி, இடது பக்கம் ரெண்டும் சாதா. போட்டுடுங்கோ" என்றார்.

காலித் கையைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தான். "அப்படிப் போடக்கூடாது சார். பிரேக் புடிச்சா வண்டி ஒரு பக்கமா இழுத்துரும். நாலும் சாதாவே போடுங்க, ஒண்ணும் கொறஞ்சு போவாது."

"நான் சொல்றதைப் போடுங்கோ."

வண்டி வீடு வந்தது. வலப்பக்கத்து டயர்களைச் சுரேந்திரன் தடவிப் பார்த்து மெச்சினார். அனந்தநாராயணன் அதைக் கூசாமல் வாங்கிக்கொண்டார்.

ஆடி வெள்ளி. மனைவி ஷ்யாமளாவோடு நெருள் கோயிலுக்குக் கிளம்பினார். செம்பூர் தாண்டும்போது மழை கொட்டிற்று. முன்னால் போன ஆட்டோ திடீரென்று நின்றுவிட, பிரேக்கை அழுத்தினார். வண்டி வலப்பக்கமாக இழுத்து, திரும்பி, சாலைக்குக் குறுக்கே நின்றது. பின்னால் வந்த பஸ் அலறிக்கொண்டு ஷ்யாமளாவின் கதவுக்குக் கையெட்டும் தூரத்தில் நின்றது.

ஒருவருக்கும் ஒன்றும் ஆகவில்லை. வண்டியை ஓரங்கட்டி இறங்கினார். ஷ்யாமளாவும் குடையை விரித்து இறங்கி, வண்டியை ஒரு சுற்றுச் சுற்றி வந்தாள்.

"ஏன்னா, அந்தப் பக்கம் ஒரு பேர் போட்டிருக்கு, இந்தப் பக்கம் வேற பேரா இருக்கே?"

அவர் மென்று விழுங்கினார். "சுவர்ப் பக்கம்தானே, யார் பாக்கப்போறான்னு..."

"சுவர்ப் பக்கமா? அது நான் உக்கார்ற பக்கமாக்கும்."

அவள் குரல் உயரவே இல்லை. உயர்ந்திருந்தால் இவரும் பதிலுக்குக் கத்தித் தப்பித்திருப்பார். தான் உட்காரும் பக்கம் உசத்தி, கட்டினவள் உட்காரும் பக்கம் மட்டம் என்று வாங்கியிருக்கிறோமே என்பது அவருக்கு அப்போதுதான் உறைத்தது. சத்தியமாக அவர் அப்படி நினைத்து வாங்கவில்லை. சுரேந்திரனை நினைத்த அளவுக்கு அவளை நினைக்கவில்லை, அவ்வளவுதான். அது இன்னும் கேவலம் என்று தோன்றியதும் கூனிக்குறுகிப் போனார்.

அவள் பின்கதவைத் திறந்து, அவருக்குப் பின்னால் உட்கார்ந்துகொண்டாள். கோயிலுக்குப் போகாமல் ஊர்ந்தபடி திரும்பினார்கள்.

வாசலில் சுரேந்திரன் நின்றிருந்தார். "என்ன சார், மாமி பின்னாடி? டாக்ஸி ஓட்டறீங்களா?"

"முன்னாடி உக்காந்தா தலை சுத்தறது" என்றாள் ஷ்யாமளா இறங்கிக்கொண்டே. அவர் மானத்தை அவள் காப்பாற்றியது, அடித்திருந்தால் வலித்திருப்பதைவிட அதிகமாக வலித்தது.

அனந்தநாராயணன் வண்டியை வழக்கம்போல விடவில்லை. திருப்பி, பின்பக்கமாகவே கொண்டுபோய், வலப்பக்கத்தை மதிலோடு ஒட்டி நிறுத்தினார். இறங்க வழியில்லாமல், இருக்கை தாண்டி நகர்ந்து, இடக்கதவு வழியாக வேட்டியைப் பிடித்துக்கொண்டு வெளியே வந்தார்.

சுரேந்திரன் குனிந்து பார்த்தார். "இது மட்ட ரகமாச்சே சார்! நம்ம ஒசத்தி டயர் என்ன ஆச்சு?"

"அது என் பக்கம்" என்றார் அனந்தநாராயணன். "இது அவ பக்கம்."