நான் பாத்து எடுத்த கிதாரு

திண்டிவனத்துலேர்ந்து விழுப்புரம் வரைக்கும் கிதாரு பாத்து எடுக்கறதுல என்னை அடிச்சிக்க ஆளு கெடையாது. ஒரு தட்டு தட்டினாப் போதும், அந்த மரத்தோட ஜாதகத்தையே சொல்லிடுவேன்.

பொய்யிங்க. வாழ்க்கையில நான் எடுத்தது ஒரே ஒரு கிதாரு. அதையும் நான் எடுக்கல.

அப்ப எனக்குப் பதினோரு வயசு. எங்க ஸ்கூல்ல பாட்டு சாரு ஒருத்தரு கிதாரு சொல்லிக் குடுப்பாரு. நானும் அந்தக் கிளாஸ்ல சேந்துட்டேன்னு வூட்ல சொல்லி வெச்சிருந்தேன். நெசம் இன்னான்னா, சாரு ஒண்ணுக்குப் போயிட்டு வர்ற வரைக்கும் ஒரு நாளு கிதாரப் புடிச்சிக்கினு நின்னேன். என் சங்கீதப் படிப்பு அவ்ளோதான். எட்டாவதோட மத்த படிப்பும் அவ்ளோதான்.

நெசமா வாசிக்கத் தெரிஞ்சது எங்கக்காவுக்கு. மாதா கோயில்ல யாரோ மூலையில போட்டு வெச்ச பழைய கிதார எடுத்து, போன்ல பாத்துப் பாத்தே கத்துக்கினா. ஆனா அதுல இருந்தது இரும்புக் கம்பி. பகல்ல மல்லாட்டை, அதான் வேர்க்கடல, உரிச்சி உரிச்சி வெடிச்ச வெரலு, சாயந்தரம் அந்தக் கம்பியில பட்டா ரத்தமே வரும். அதனால நைலான் நரம்பு போட்ட கிளாசிகல் கிதாருதான் வேணும்னா. அதுலயும் ஒயரு சொருவற எலக்ட்ரிக். ஒயரு இல்லாட்டி, எங்க கோயில்ல டிரம்மு அடிக்கறவன் அடிக்கற அடியில அவ வாசிக்கறது அவளுக்கே கேக்காது.

கிறிஸ்மஸுக்குள்ள வாங்கித் தரேன்னு எங்கப்பா ஒத்துக்கினாரு. ஒரே ஒரு பேச்சுதான் சொன்னாரு: வாங்கறது ஒரு வாட்டிதான், தப்பா வாங்கினா ஆயுசுக்கும் அதான்.

எங்கம்மா சட்டம் ஒண்ணு போட்டாங்க. பொடவ எடுத்தாலும் சரி, மாடு புடிச்சாலும் சரி, எங்க வூட்ல ஒரே சட்டந்தான். யாருக்கு வேணுமோ அவங்க கடையில வாயத் தொறக்கக் கூடாது. ஆச மூஞ்சில தெரிஞ்சிதுன்னா கடைக்காரன் வெலைய ஏத்திடுவானாம். அதனால அக்கா கூட வரலாம், பேசக் கூடாது. பேசறதுக்கு "கிளாஸ் போற புள்ள" நான் இருக்கறேனே!

விழுப்புரத்துக் கடையில ஏறுனதும் கடைக்கார அண்ணன் செவப்பா, பளபளன்னு ஒண்ண எடுத்து நீட்டினாரு. கண்ணாடி மாதிரி என் மூஞ்சி தெரியுது அதுல. இதான்னு சொல்ல வாயத் தொறந்தேன். பின்னாடி எங்கக்கா இருமினா பாருங்க ஒரு இருமலு! திரும்பிப் பாத்ததுல சொல்ல வந்ததே மறந்துபோச்சி. மறுபடி கிதாரப் பாத்தா, அத்தனையும் இரும்புக் கம்பி.

"இது வேணாண்ணே, கம்பி"ன்னேன்.

அடுத்தது நைலான். வெலையும் கம்மி. எங்கப்பா சட்டைப் பையில கைய வுட்டுட்டாரு. மறுபடி இருமலு, இந்த வாட்டி நெஞ்சக் கிழிக்கற மாதிரி. கடைக்கார அண்ணன் தண்ணி எடுக்க ஓடினாரு. அந்த கேப்புல கிதாரத் திருப்பிப் பாக்கறேன், ஒயரு சொருவ ஓட்டையே இல்ல. மைக் செட்டுக்காரங்க பின்னாடி சுத்தினவன் நான், ஓட்டையப் பத்தி மட்டும் எனக்கு நல்லாத் தெரியும்.

"தம்பி வெவரமானவன்தான்"னு அண்ணன் சொன்னதும் எனக்குத் தல கால் புரியல.

மூணாவதுல நைலானும் இருக்குது, ஓட்டையும் இருக்குது. அக்காவும் இருமல. ஆனா எங்கப்பா கொத்தனாரு. ஒத்தக் கண்ண மூடிக்கினு கிதாரோட கழுத்தப் பாத்தாரு. பையிலேர்ந்து, சொவுரு நேரா நிக்குதான்னு பாக்கற தூக்குக் குண்ட எடுத்து, கிதார நிக்க வெச்சி, நூலத் தொங்க வுட்டாரு. கடையில இருந்த எல்லாரும் வேலைய வுட்டுட்டு வேடிக்க பாக்கறாங்க.

"வளஞ்சிருக்குது"ன்னாரு.

"அண்ணே, இது சொவுரு இல்லண்ணே!"ன்னாரு கடைக்காரரு.

"சொவுரா இருந்தா இடிச்சிட்டுக் கட்டிடுவேன். இத இன்னா பண்றது?"

கடைக்கார அண்ணனும் ஒத்தக் கண்ண மூடிக்கினு நூலப் பாத்தாரு. கிதார எடுத்து உள்ள வெச்சிட்டாரு.

கடைசியா மேல் தட்டுலேர்ந்து ஒண்ணு எறக்கினாரு. சேத்துக் கலரு. முதுகுல ஒரு கீறல் வேற. கீறலுக்காக வெலையக் கொறச்சி வெச்சிருக்காராம். எனக்குப் பாத்ததுமே புடிக்கல. வேணாம்னு சொன்னேன், இந்த வாட்டி இருமலு வரவேயில்ல. திரும்பினா, அக்கா என்ன மொறைக்கறா. எங்கப்பா நூல் வுட்டுப் பாத்தாரு, நேரு. செங்கல்லத் தட்டற மாதிரி வெரல் முட்டியால தட்டினாரு, திருப்தி.

அண்ணன் ஒயர சொருவி ஸ்பீக்கர ஆன் பண்ணிட்டு, "தம்பி, ஒரு பாட்டு வாசி"ன்னாரு.

செத்தேன். சாரு ஒண்ணுக்குப் போறப்ப புடிச்சிக்கினு நிக்கற பாடம் மட்டும்தான எனக்குத் தெரியும்? சும்மா ஒரு இழுப்பு இழுத்தேன். அடுக்கி வெச்ச எவர்சில்வர் தட்டு மொத்தமா கீழ வுழுந்த மாதிரி ஒரு சத்தம். எங்கப்பா என்னப் பாக்கறாரு.

"தெரிஞ்சவன் வாசிச்சா எந்தக் கிதாரும் நல்லாத்தான் இருக்கும்ண்ணே. தெரியாதவங்க தட்டினாலும் நல்லாருக்கணும், அதான் டெஸ்ட்டு"ன்னு சொல்லி, அக்கா மடியில வெச்சிட்டேன்.

தெரியாதவ தட்டினா. நாலு தட்டு கூட இருக்காது, கடைக்கார அண்ணன் பில்லு எழுதறத நிறுத்திட்டாரு. அம்மா சட்டம் ஞாபகம் வந்துச்சோ இன்னாவோ, அவளும் டக்குனு நிறுத்திட்டு, வேப்பங்கொழுந்த மென்ன மாதிரி மூஞ்சிய வெச்சிக்கினு, "சுமாராத்தான் இருக்குது"ன்னா. அந்த ஒரு வார்த்தைக்கு வெல இன்னும் கொஞ்சம் கொறஞ்சிது.

பஸ் ஸ்டாண்டுல எனக்கு அழுகையே வந்துச்சி. கிதாருக்காக இல்ல. இப்பிடி இருமறாளே, கிறிஸ்மஸ் வரைக்கும் தாங்குவாளா? பரோட்டா துன்னச் சொல்லி எங்கப்பா குடுத்த காச எடுத்துக்கினு மெடிக்கலுக்கு ஓடி, இருமல் மருந்து ஒரு பாட்டிலு வாங்கியாந்து நீட்டினேன். அவ என்னைப் பாத்தா, பாட்டிலப் பாத்தா. கசப்புன்னாலே ஊரக் கூட்டறவ, ஒரு மூடி ஊத்தி ஒரே முழுங்கா முழுங்கினா. பஸ்ஸு விக்கிரவாண்டி தாண்டற வரைக்கும் துப்பட்டாவுல மூஞ்சிய மூடிக்கினு குலுங்கிக் குலுங்கிச் சிரிச்சா. மருந்து தலைக்கு ஏறிடுச்சின்னு நெனச்சேன்.

மறுநாளு இருமலே இல்ல. எங்க தெருவுல யாரு இருமினாலும் அந்த மருந்துதான் வாங்கச் சொல்லுவேன், ஒரே மூடின்னு. எத்தினி வருசம் சொல்லிக்கினு திரிஞ்சேன் தெரியுமா? எனக்கு அது எப்ப புரிஞ்சிதுன்னா, இப்ப இந்த மேடைக்கு மைக் செட்டு போட வந்திருக்கற மாதிரியே ஒரு கல்யாண மேடைக்குக் கீழ நான் ஒயரு சுத்திக்கினு இருக்கறேன், மேல அக்கா அந்தக் கீறல் கிதாரோட ஒக்காந்திருக்கறா, நான் சொருவினது தப்பான ஓட்டை, அப்ப மைக்குல—

இருங்க. அதோ, மேடையில அக்கா இருமறா. எதையோ தப்பா சொருவிட்டேன் போலருக்குது. வரேன்.